வெடிக்காமல் தப்பிய தாள்கள்

சிவகாசியில் நான் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகத்துக்கு ஓர் ஆடி மாதம் மும்பையிலிருந்து காலண்டர் ஆர்டர் வந்தது. அனுப்பியவர்கள் அங்குள்ள யூதர்கள். சின்னக் கூட்டம். புரட்டாசி வாக்கில் அவர்களுக்குப் புத்தாண்டு. அதற்குள் வீடுவீடாகக் காலண்டர் கொடுத்து நன்கொடை வாங்குவார்கள். ஆதரவற்ற முதியவர்களுக்கான அவர்களது இல்லம் அந்தப் பணத்தில்தான் ஓராண்டு நடக்கும்.

"எந்தச் சாமி படம் சார்?" என்றார் மெஷின்காரர்.

"படமே கிடையாது."

"அப்புறம் சுவத்துல ஆணி எதுக்கு அடிக்காக?"

எனக்கு வேறு கவலை. கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலே அதில் இல்லை. நம் பக்கம் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலும், வெளிச்சம் மறையும் அளவுக்கு 'உபயம்' எழுதிவிடுவோம். பக்கம் விடுபட்டதோ என்று மும்பைக்குப் போன் செய்தேன். கொடுத்தவர் யாரென்று வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது, அதுதான் எங்கள் வழக்கம் என்றார் அவர்களுடைய பொருளாளர். கூடவே ஒரு நிபந்தனையும் சொன்னார். ஒவ்வொரு தாளின் தலையிலும் எபிரேய எழுத்தில் கடவுளின் பெயர் இருக்கிறது. அச்சில் கெட்டுப்போன தாளைக் கிழிக்கவோ எரிக்கவோ கூடாது; அவரே வந்து வாங்கிப்போய் மண்ணில் புதைப்பார்.

கெட்ட தாள்களை நானே எண்ணிக் கட்டி மூலையில் வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு. பொருளாளர் வருவதற்கு முந்தின நாள் கட்டைக் காணோம்.

"வேஸ்ட்டுன்னு எடைக்குப் போட்டுட்டேன் சார்," என்றார் மெஷின்காரர். "விஸ்வநத்தத்துல குழா உருட்டப் போயிருக்கும்."

வெடிக்குழாய்! பட்டாசு மருந்தை அடைக்கும் காகிதக் குழாய். எரிக்கவே கூடாத தாளை நாங்கள் வெடிக்க அனுப்பியிருக்கிறோம். இதைக் கேட்டுப் பொருளாளர் காலண்டரே வேண்டாமென்றால் அந்த முதியவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? எடைக்கடையில் இடம் விசாரித்துக்கொண்டு, பேரம் பேசாமல் ஆட்டோ ஏறினேன். எனக்கு அது புதிது.

விஸ்வநத்தத்தில் குழாய் உருட்டும் அந்த வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதிக் கட்டு ஏற்கெனவே குழாயாகியிருந்தது.

"இது சாமி பேரு எழுதுன தாளு, தாயி. வெடியில போகக் கூடாது," என்றேன் மூத்தவளிடம்.

அவள் ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எறும்பு ஊருன மாதிரில்ல இருக்கு?"

"அவுக பாஷை அப்படி. இந்தக் காலண்டரை வச்சுத்தான் திக்கத்த கிழடுகளுக்குச் சோறு போடுதாக."

"உங்கள மாதிரி கிழடுகளுக்கா?"

"என்னையவிட மோசம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் கையைத் துடைத்தாள். "ஏளா, உருட்டுனது போதும். பசை காயுததுக்குள்ள பிரிங்கடி."

பிரித்துப் பிரித்துத் தரையில் பரப்பினார்கள். எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். அதே ஒன்று.

"ஒண்ணுதான சார், விடுங்க," என்றாள் கதவோரம் காற்று வாங்கிக்கொண்டிருந்தவள். மூத்தவள் அவளையே முறைத்தாள். மடித்து அவள் விசிறிக்கொண்டிருந்தது அந்தத் தாள்தான்.

"ஆத்தாடி! சாமியா இம்புட்டு நேரம் எனக்கு விசுறுச்சு?"

தாளின் விலையையும் உருட்டிய கூலியையும் நீட்டினேன். விலையை மட்டும் மூத்தவள் எடுத்துக்கொண்டாள். "கூலிய அந்தக் கிழடுக சோத்துல போட்ருங்க சார்."

மறுநாள் பொருளாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பசைக்கறை படிந்த தாள்களை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். விசிறி மடிப்புத் தாள் வந்ததும் சிரித்துவிட்டார். பிறகு அதை முத்தமிட்டுத் துணிப்பையில் வைத்தார். கூலிப் பணத்தைக் காட்டி, அந்தப் பெண்களின் பெயருக்கு ரசீது கேட்டேன். தலையாட்டி மறுத்துவிட்டு, பையிலிருந்து தகர உண்டியலை எடுத்து நீட்டினார். ரசீது வாங்காமல் நான் போட்ட முதல் பணம் அது. அன்று மாலையே காலண்டர் லோடு கிளம்பியது.

புத்தாண்டு முடிந்து அவர் போன் செய்தார். அந்த ஆண்டு நல்ல வசூல். இல்லத்தில் புதிதாக இரண்டு முதியவர்களைச் சேர்த்திருக்கிறார்களாம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விஸ்வநத்தத்துக்கு மறுபடி ஆட்டோ வைத்தேன்.

"கூட ரெண்டு பேரு சாப்பிடுதாக, தாயி!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

உள்ளே ஒரே ஆரவாரம். அதற்கு மேலே மூத்தவளின் குரல் கேட்டது: "அடுத்த வருசமும் அந்த வேஸ்ட்ட இங்கனயே அனுப்புங்க சார். உருட்டாம வச்சிருக்கோம்!"