கடல் ட்ரவுட் ஏறும் இரவுகள்

கலியாணமாகி லண்டனுக்கு வந்த முதல் கோடையில், சனிக்கிழமை இரவுகளில் என் கணவர் வீட்டில் இருக்கமாட்டார். பின்னேரம் குளித்து, சாப்பிட்டு, பழைய காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு "போட்டு வாறன்" என்பார். திரும்பி வருவது ஞாயிறு விடிந்த பிறகு. கேட்டால் மீன் பிடிக்கப் போனதாகச் சொல்வார். மீனை மட்டும் நான் ஒருநாளும் காணவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. தோர்ண்டன் ஹீத்தில், ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் இருந்தோம். ஒரு அறை, ஒரு குசினி. மேல்தட்டில் ஒரு அக்கா குடும்பமாக இருந்தார். எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் வந்த முதல் நாளே எனக்குக் குளிர்ச்சட்டை தந்தவர். பஸ் எங்கே ஏறுவது, டொக்டரிடம் எப்படிப் பதிவது எல்லாம் அக்காதான் சொல்லித் தந்தார்.

கணவருக்குக் கிரொய்டனில் தபால் பிரிக்கும் வேலை. கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லாதவர், முகம் சுளிக்காதவர். ஆனால் கதைக்கமாட்டார். "தேத்தண்ணி போடட்டோ?" என்றால் "ஓம்." "சீனி காணுமோ?" என்றால் "காணும்." அதோடு அன்றைய கதை முடிந்துவிடும். கலியாணத்துக்கு முன் அவரை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். படத்தில் இருந்தவர் இவரைவிடக் கொஞ்சம் கூடக் கதைத்தவர் போலத் தோன்றும்.

ஒருநாள் அக்கா படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"இரவிலை ஆர் தங்கச்சி மீன் பிடிக்கிறது? ஒரு சூடை மீனாவது கொண்டு வந்தவரோ?"

"இல்லையக்கா."

அக்கா "ம்" என்றார். அந்த "ம்" எனக்கு ஒரு கிழமை நித்திரையைக் கெடுத்தது.

அடுத்த திங்கள் உடுப்பு தோய்க்கும்போது அவருடைய ஜாக்கெட் பொக்கற்றில் ஏதோ விரலில் குத்தியது. எடுத்துப் பார்த்தேன். ஒரு தோடு. வெள்ளி இழை சுற்றி, கறுத்த மயிர் கொஞ்சமும் நீல இறகு ஒன்றும் வைத்துக் கட்டின, வலு வடிவான தோடு. ஒற்றைத் தோடுதான் இருந்தது. மற்றதை யார் காதில் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, தொட்டியின் விளிம்பில் இருந்து அழுதேன்.

அவர் வேலையால் வந்ததும் அதை மேசையில் வைத்தேன்.

"இது ஆரின்ரை?"

"என்ரை" என்றார்.

"நீங்கள் தோடு போடுறனீங்களோ?"

அவர் என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பிறகு நான் வந்ததிலிருந்து முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

"இது தோடில்லையப்பா. ஃப்ளை. மீனுக்குப் போடுறது."

"ஃப்ளை எண்டா ஈயெல்லோ? ஈக்கு எங்கையிருந்து நீல இறகு வந்தது?"

அவர் இறகின் கீழே மறைந்திருந்த தூண்டில் முள்ளைத் தொட்டுக் காட்டினார். நான் நம்பினேன், ஆனால் முழுதாக நம்பவில்லை.

"வாற சனி நானும் வாறன்."

"நீர் அங்கை என்ன செய்யப்போறீர்? இருட்டு. ஒண்டும் தெரியாது."

"தெரியாட்டிப் பறவாயில்லை."

அவருடைய பழைய காரில் தெற்கே ஒரு மணித்தியாலம் ஓடிச் சசெக்ஸுக்குப் போனோம். அவருடன் வேலை செய்த ஒரு வெள்ளைக்காரரின் மைத்துனருக்கு அங்கே பண்ணை இருந்தது. பண்ணையின் ஓரமாக ஆறு. அந்தக் கரையில் நின்று பிடிக்க இவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். நான் சேலைக்கு மேல் அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு மாட்டுச் சாணம் மிதிக்காமல் நடந்தேன். அந்த ஆற்றைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. எங்கள் தெருவைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

போன உடனே தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் தடியைப் பூட்டி, நூலைக் கோர்த்து, புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் இருக்கிறியள்?"

"இன்னும் இருளேல்லை. புல்லின்ரை பச்சை தெரியுமட்டும் போடக்கூடாது. மீன் வெருண்டிடும்."

அது கடலில் திரியும் ட்ரவுட் மீனாம். கோடையில் முட்டையிட ஆற்றில் ஏறுமாம். பகலில் மர வேருக்குக் கீழே பதுங்கிக் கிடந்துவிட்டு, நல்ல இருட்டில்தான் அசையுமாம். டோர்ச் அடிக்கக்கூடாது, பலத்துக் கதைக்கக்கூடாது. ஒரே மூச்சில் இவ்வளவையும் சொன்னார். அவர் வாயிலிருந்து இத்தனை சொற்களை நான் ஒன்றாகக் கேட்டதில்லை.

இங்கிலாந்தின் கோடை இருட்டு மெல்ல மெல்லத்தான் வரும். வானம் நாவல் நிறமாகி, அக்கரை மரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மதிலாகின. வௌவால்கள் தண்ணீருக்கு மேல் பறந்தன. புல் கறுத்தது. அவர் எழும்பி, இடுப்புவரை வரும் ரப்பர் சப்பாத்தோடு ஆற்றுக்குள் இறங்கினார். பிறகு அவரை எனக்குத் தெரியவில்லை. தலைக்கு மேல் நூல் பின்னுக்கும் முன்னுக்கும் போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ தூரத்தில் சேலையை உதறி மடிப்பது போன்ற ஒரு சத்தம்.

எவ்வளவு நேரம் போனதோ, பண்ணைப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. நான் உறைந்துபோனேன். ஊரில் நான் விட்டு வந்த இரவுகளில் நாய் குரைத்தால் ஆமி வருகிறது என்று அர்த்தம். விளக்கை நூர்த்து, அண்ணனைப் பின்வேலியால் அனுப்பிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். இங்கே அனுப்ப யாருமில்லை. ஆனாலும் கை தன்பாட்டில் புல்லைப் பிடுங்கியது. இன்னொரு நாயும் சேர்ந்து குரைத்தது. நான் அவரைக் கூப்பிட்டேனோ தெரியாது.

தண்ணீர் சளசளத்தது. அவர் கரையேறி, தடியைப் புல்லில் கிடத்திவிட்டு என்னோடு ஒட்டி உட்கார்ந்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவரும் அந்த ஊர்தானே.

"இஞ்சை நாய் குரைச்சா நாய் குரைக்குது. வேறை ஒண்டும் இல்லை" என்றார். "நரியைக் கண்டிருக்கும்."

என் கையிலிருந்த புல்லைத் தட்டிவிட்டு, "எனக்கும் முதல் வருசம் உப்பிடித்தான்" என்றார்.

அன்றைக்கு அவர் திரும்பத் தூண்டில் போடவில்லை. இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகமும் அவருக்குத் தெரிந்திராது. அதனால்தானோ என்னவோ, கதைத்தார். வந்த புதிதில் ஐந்து பேர் ஒரு அறையில் இருந்ததைச் சொன்னார். இரவு ஷிப்டுக்குப் போகிறவன் எழும்பப் பகல் ஷிப்ட்காரன் அதே கட்டிலில் படுப்பான். தனியே நின்று அழக்கூட இடமில்லை. அப்போதுதான் வேலைத்தளத்து வெள்ளைக்கார நண்பர் ஒருநாள் இந்த ஆற்றுக்குக் கூட்டிவந்தாராம்.

"அண்டைக்கு ஒரு மீனும் பிடிபடேல்லை. ஆனா விடியுமட்டும் என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. விசா எங்கை, வாடகை எங்கை, காசு அனுப்பினனீயோ எண்டு ஒரு கேள்வியும் இல்லை. அதுதான் பிறகும் வந்தனான்."

பிறகு அவர் இன்னும் மெதுவாகக் கேட்டார்.

"நீர் விருப்பப்பட்டுத்தான் வந்தனீரோ? இல்லாட்டி வீட்டிலை அனுப்பினவையோ?"

"படத்திலை நல்லாயிருந்தனீங்கள்" என்றேன்.

"இப்ப?"

"இப்ப இருட்டெல்லோ. தெரியேல்லை."

அவர் சிரித்த சிரிப்பில் ஆற்றில் எந்த மீன் நின்றிருந்தாலும் வெருண்டு கடலுக்கே திரும்பியிருக்கும்.

அந்தக் கோடை முழுக்க நானும் போனேன். சேலை சரிவராது என்று அவருடைய காற்சட்டை ஒன்றை இடுப்பில் கயிறு கட்டிப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் காற்சட்டை அது. அக்கா படியில் நின்று பார்த்துவிட்டு, "எங்கை தங்கச்சி, ஆரின்ரையேன் வீட்டிலை களவெடுக்கவோ போறாய்?" என்றார். அந்த நண்பரும் சில இரவுகள் வருவார். ஐம்பது வயது மதிக்கலாம், இவரைவிடக் கதை குறைவு. இரண்டு பேரும் ஏன் சிநேகிதர் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து, முதல் கோப்பையை எனக்குத்தான் தருவார். இந்த மீன்கள் தாங்கள் பிறந்த ஆற்றைத் தேடித்தான் கடலிலிருந்து வருகின்றன என்று ஒருநாள் அவர் சொன்னார். நான் ஏதோ கனமாக நினைக்கத் தொடங்கினேன். இவர் தமிழில், "அதுகளுக்கென்ன, பாஸ்போட் கேக்க ஆளில்லை" என்றார்.

மீன் பிடிபட்டது ஓகஸ்டில், புழுக்கமான ஒரு இரவில். நான் கரையில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். நூல் சுற்றி வைக்கும் சில்லு திடீரென்று கத்தியது. தண்ணீரில் கல்லைத் தூக்கிப் போட்டது போல ஒரு சத்தம், பிறகு இன்னொன்று, அதைவிடத் தூரத்தில்.

"வலையைக் கொண்டு வாரும்!"

"எங்கை?"

"இஞ்சை, என்ரை குரலுக்கு வாரும்!"

வலையைத் தூக்கிக்கொண்டு குரல் வந்த பக்கம் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, அந்தக் காற்சட்டைக்குள் குளிர் ஏறியது. "வலையைத் தண்ணிக்குள்ளை பிடிச்சுக்கொண்டு அசையாமல் நில்லும். நான் மீனைக் கொண்டுவாறன். நீர் மீனைத் துரத்தாதையும்." நான் அசையாமல்தான் நின்றேன். நடுங்கியது வேறு. மீன் கிட்ட வருவதும், என்னைக் கண்டு ஓடுவதும், திரும்ப வருவதுமாக இருந்தது. ஒருமுறை அது என் காலில் முட்டியது. நான் கத்திவிட்டேன். "கத்தும், பறவாயில்லை, வலையை மட்டும் விடாதையும்" என்றார். கடைசியில் வலை கனத்தது. இரண்டு கையாலும் தூக்கினேன். கால் சறுக்கி, வலையோடு மீனோடு கரைச் சேற்றில் உட்கார்ந்தேன். ஆனால் விடவில்லை.

பற்றைக்குப் பின்னே போய் டோர்ச் அடித்துப் பார்த்தோம். முழங்கை நீளம். புதுச் சில்வர் பாத்திரம் போல வெள்ளை, முதுகில் கறுத்த பொட்டுகள். ஆற்றுத் தண்ணீரில் உதிர்ந்துவிடும் கடற்பேன் இரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. கடலை விட்டு ஏறி இரண்டு நாளும் ஆகியிருக்காது என்று அவர் சொன்னார். மூன்று கோடை போய்வந்து அவருக்குக் கிடைத்த முதல் மீன் அதுதான் என்று அப்போதுதான் சொன்னார். இதுவரை சொல்லாமல் வைத்திருந்ததற்கு வெட்கப்பட்டார் போல.

ஞாயிறு மத்தியானம் அதைப் பழப்புளி விட்டு, வெந்தயம் போட்டு, ஊரில் அறக்குளா மீனுக்கு வைப்பது போலக் குழம்பு வைத்தேன். உள்ளே சதை ரோசா நிறம். அது உறைப்பையும் புளியையும் தாங்குகிற மீன் இல்லை, துண்டு துண்டாகக் கரைந்துவிட்டது. அக்கா குடும்பத்தையும் சாப்பிடக் கூப்பிட்டேன். அக்கா குழம்பை அகப்பையால் துழாவி, "இதுக்குள்ளை மீன் எங்கை?" என்றார். "கரைஞ்சு போச்சக்கா." "அப்ப இண்டைக்கும் எனக்கு மீனைக் காட்டேல்லை" என்று சொல்லி, பிறகு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு கிடைத்த மீன்கள் ஒரு கைக்குள் அடங்கும். மூத்தவள் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோதும் மடக்குக் கதிரை கொண்டுபோய்க் கரையில் இருந்தேன். பிள்ளை பிறந்தது, அடுத்ததும் பிறந்தது. வேலையை விட்டு, லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு சாமான் கடை எடுத்தோம். கிழமையில் ஏழு நாளும் கடை. ஆறு லண்டனின் மற்றப் பக்கம், கடை இந்தப் பக்கம். தூண்டில் தடி அலுமாரிக்கு மேல் போய்விட்டது. இன்றைக்கும் சில வேளை ஜூன் மாதத்தில், வெளிச்சம் போக மனமில்லாமல் நிற்கும் அந்த நேரத்தில், குசினிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன். நனைந்த புல்லும் சேறும் மாடும் சேர்ந்த அந்த மணம் மட்டும் எங்கள் பின்வளவில் வராது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. ஊரில் சண்டையால் எல்லோரும் இடம்பெயர்ந்து, ஆர் எங்கே என்று தெரியாமல் இருந்த காலம். கடையில் நின்றபடியே அவர் மெலிந்துகொண்டு போனார். பழையபடி "ஓம்", "காணும்" என்ற அளவுக்கு வந்துவிட்டார். ஒருநாள் நான்தான் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, இந்தச் சனிக்கிழமை கடையை வெள்ளனப் பூட்டுங்கோ."

பிள்ளைகளைத் தோர்ண்டன் ஹீத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு, தடியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனோம். பண்ணைக் கேற்றடியில் காரை நிறுத்தும்போது மழை பிடித்தது. ஆற்றைப் போய்ப் பார்த்தோம். பால்தேத்தண்ணி நிறத்தில் கலங்கி ஓடியது. அந்தத் தண்ணீரில் ஃப்ளை போட்டுப் பலனில்லை என்றார். வீட்டுக்குப் போவோமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காருக்குள் இருந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். மழை கூரையில் அடித்தது. அவர் தன் தாயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார், எந்தப் பாதையால் நடந்திருப்பா, முழங்கால் வருத்தத்தோடு எப்படி நடந்திருப்பா என்று. இடையில் அழுதார். பிறகு கடையைப் பற்றி, பிள்ளைகள் தமிழில் கேட்டால் இங்கிலிசில் பதில் சொல்வதைப் பற்றி, எங்களுக்கு வயது போவதைப் பற்றி. நானும் சேமித்து வைத்திருந்தவற்றையெல்லாம் சொன்னேன். எப்போது நித்திரையானோம் என்று தெரியாது.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். விடிந்திருந்தது. கண்ணாடி எல்லாம் எங்கள் மூச்சில் மங்கிப்போயிருந்தது. இவர் கண்ணாடியை இறக்கினார். பண்ணைக்காரர் மழைக்கோட்டோடு நின்றார். அவருக்கு எங்களை உடனே அடையாளம் தெரியவில்லை. யாரோ இளம் சோடி என்று நினைத்துக் கலைக்க வந்திருக்கிறார். தலை நரைக்கத் தொடங்கியிருந்த இவரையும், சால்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்த என்னையும் பார்த்துவிட்டு, தட்டிய கையைப் பின்னுக்கு எடுத்தார்.

இவர் பதறிப்போய் இங்கிலிசில், "இது என்ரை மனுசி" என்றார்.

"மனைவியா?" என்றார் பண்ணைக்காரர். "அப்படியென்றால் உங்களுக்கு வீடு இருக்குமே!"

பிறகு இவரை இன்னாரென்று மட்டுக்கட்டிக்கொண்டு, கேற்றைப் பிடித்தபடி சிரித்தார். இவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. கார் பெரிய றோட்டில் ஏறிய பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. அடங்கும், நான் அவரைப் பார்ப்பேன், திரும்பத் தொடங்கும். கிரொய்டன் வரைக்கும் அப்படியே கார் ஓடினார். அக்கா வீட்டில் பிள்ளைகள் இன்னும் எழும்பவில்லை. நித்திரையோடு தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய், கடையைத் திறந்தோம்.