நிமிடத்துக்கு 20.83 சொட்டு

என் நாட்குறிப்பில் சென்ற ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றுக்கு நேரே இப்படி இருக்கிறது: “காலை 9.10. சலைன் 500 மி.லி. எட்டு மணி நேரம். நிமிடத்துக்கு 20.83.” கடைசி எண்ணின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

மனதுக்குள் வகுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் திருச்சிக்குப் போகும்போது, முன்னால் போகும் வண்டியின் எண்ணை என் மனைவி வாசிப்பாள். “ஏழால வகுங்க பாப்போம்” என்பாள். காவிரிப் பாலம் முடிவதற்குள் மூன்று தசமம் வரை சொல்லிவிட வேண்டும். போனில் சரிபார்ப்பாள். தப்பானால் வீடு திரும்பும்வரை கேலிதான்.

அந்த வியாழக்கிழமை அவள் திருச்சியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருந்தது, இதயமும் பலவீனம். சலைன் மெதுவாக, எட்டு மணி நேரம் ஏற வேண்டும், வேகமானால் மூச்சுத் திணறும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் டியூபிலிருந்த சிறு சக்கரத்தைத் திருகி வேகத்தை அமைத்தார். எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினாறு சொட்டு.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வருடத்து நாட்குறிப்பில், ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று குறித்திருந்தது நினைவுக்கு வந்தது. அப்படியானால் மொத்தம் பத்தாயிரம் சொட்டு. அதை நானூற்றெண்பது நிமிடத்தால் வகுத்தால் 20.83, அதன்பின் மூன்று நிற்காமல் போகிறது.

“சிஸ்டர், கம்மியா போகுது. இருபத்தொண்ணு வரணும்.”

“சரியாத்தான் சார் வெச்சிருக்கேன்.”

“அவர் சொன்னா கேட்டுக்குங்க சிஸ்டர்” என்றாள் என் மனைவி. “பஸ் நம்பரையே விடாத மனுஷன்.”

நர்ஸ் சிரித்துவிட்டுக் கூட்டி வைத்தார்.

அரைமணிக்கு ஒருமுறை சொட்டை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் இருபத்தொன்று. பாட்டிலில் அச்சிட்டிருந்த அளவுக் கோடுகளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

2.40க்கு, “மூச்சு வாங்குதுங்க” என்றாள்.

மறுபடி எண்ணினேன். “சரியாத்தாம்மா போகுது.”

“இல்லைங்க. முடியல.”

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பாட்டிலைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் மீதி. நர்ஸ் ஓடிவந்து டியூபை அடைத்து, அவளை நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்ஸிஜன் மாட்டினார். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் தவித்தாள். எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. யாரும் கேட்காமலே மனது வகுத்தது: இந்நேரம் 343.75 மி.லி.தான் ஏறியிருக்க வேண்டும். வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலத்தின் மேல் பஸ் போகும்போது அவள் ஓர் எண்ணை வாசித்து, “ஏழால” என்றாள். விடை வந்தது. நான் சொல்லவில்லை.

டியூபுக்கு டியூப் சொட்டின் அளவு மாறும், இது மில்லிக்குப் பதினைந்தாக இருக்கலாம், டியூப் வந்த கவரில் போட்டிருக்கும் என்று நர்ஸ் பிறகு சொன்னார். பதினைந்து என்றால் 15.625, அவர் முதலில் வைத்த பதினாறு. கவர் அன்றைக்கே குப்பையோடு போய்விட்டது. அது பதினைந்துதானா என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.