படுக்க வைத்த பிராந்தி

மதுக் கிடங்கில் அவருக்குத் ‘தக்கை’ என்றுதான் பெயர். சரக்குக் காப்பாளர். எதிரே ஆளே வந்து நின்றாலும் அவர் கண் பாட்டிலின் கழுத்தில்தான் இருக்கும். வேலைக்குப் புதிதாக யார் வந்தாலும் அடுக்குகளுக்கு நடுவே நிறுத்தி வைத்து ஒரே பாட்டைப் பாடுவார்.

“ஒயினப் படுக்க வைக்கணும், தக்கை நனைஞ்சே இருக்கணும். பிராந்தியும் விஸ்கியும் நிக்கணும். படுத்தா அந்த வீரியம் தக்கையத் தின்னுடும். வெயில் படாம, நிக்க வெச்சு, திறக்காம விட்டா நம்ம ஆயுசுக்கும் கெடாது. அதுக்காக ருசி ஏறும்னு நெனச்சுடாதீங்க. அடைச்ச அன்னிக்கு எப்படியோ, அப்படியேதான் இருக்கும்.”

இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் வீட்டில், பீரோவின் அடித்தட்டில், பதினான்கு வருடமாக ஒரு பிராந்தி பாட்டில் படுத்துக் கிடந்தது.

மகன் முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது. மகனுக்காக முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கிடங்கிலேயே ஒரு வேலை பிடித்து வைத்திருந்தார். அவனோ சொல்லாமல் கொள்ளாமல் வெளியூரில் ஒரு லாரி கம்பெனியில் சேர்ந்துவிட்டு, பாட்டிலும் கையுமாக வந்து நின்றான். அவருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

“நீ திரும்பி வந்து இந்த வீட்ல தங்குற அன்னிக்கு இதத் திறக்கிறேன். அதுவரைக்கும் தொடமாட்டேன்” என்றார்.

அப்போது அவர் ஒயின் பகுதியில் இருந்தார். கைப்பழக்கத்தில் பாட்டிலைப் படுக்க வைத்துப் பீரோவைச் சாத்தினார். அடுத்த மாதமே பிராந்திப் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே முதல் நாளே, படுத்துக் கிடந்து ஒழுகிய ஒரு பெட்டி கண்ணில் பட்டது. தக்கை ஈர மண்ணாக உதிர்ந்தது. வீட்டுப் பாட்டில் பஸ்ஸில் வரும்போதே ஞாபகம் வந்துவிட்டது.

நிமிர்த்தி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் தொடமாட்டேன் என்று சொல்லியாயிற்றே. பாழாய்ப்போன வீம்பு. மனைவி ஒருமுறை கேட்டாள்: “நான் நிமித்தி வைக்கட்டுங்களா? நான் எந்தச் சபதமும் போடலையே.”

“கைய வெச்சுப் பாரு, அப்புறம் தெரியும்” என்றார். அவள் அப்புறம் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். காதோரம் நரைத்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்ததாகவும் மூன்று மணிக்கு ரயில் என்றும் சொன்னான். இருந்துவிட்டுப் போ என்று சொல்லாமல் அவர் பீரோவைத் திறந்தார். பாட்டிலைத் திறந்தால் புரிந்துகொள்வான், ஒரு ராத்திரியாவது தங்குவான் என்று நம்பினார். வேறு எதையும் நம்ப அவருக்கு வழியில்லை.

எடுத்தபோதே கனமில்லை. கால் பாட்டில்கூடத் தேறாது. தக்கை பாதி திருகுக் கம்பியோடு வந்தது, பாதி உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்து இரண்டு டம்ளரில் ஊற்றினார். மக்கிய மர வாடை அடித்தது.

மகன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

“திறக்காம இருந்தா கெடாதுன்னு சொல்வீங்களேப்பா.”

“நிக்க வெச்சா கெடாது.”

“அப்ப நிக்க வெச்சிருக்கலாமே.”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை, யாரோ ஒருவரிடம் வழி விசாரிப்பதைப் போலத்தான் கேட்டான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். அம்மாவிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். தெருமுனை திரும்பும்வரை அவர் ஜன்னலோரம் நின்றார். இனி அவன் வரமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

மனைவி பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு துணியை இழுத்தாள். பழுப்பேறி விறைத்திருந்தது.

“வருஷா வருஷம் மாத்துவேன். பாட்டிலத் தூக்கல, அடியில சொருகிடுவேன்.”

“ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“தெரியாதவங்களுக்குச் சொல்லலாம்” என்றாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.