குடத்துத் தண்ணீரும் என் நாக்கும்

எங்கள் ஊவா மலையில் இளைஞர் விளையாட்டுப் போட்டியை ஆகஸ்ட் மாதத்தில்தான் வைப்பார்கள். அந்த மாதம் பார்த்து மழை நின்றுவிடும், கச்சான் காற்று புல்லைக் கருக்கும், தேயிலையில் கொழுந்து குறைந்துவிடும். கொழுந்து இல்லாவிட்டால் ஆட்கள் சும்மா இருப்பார்கள். சும்மா இருப்பவர்களை ஓடவிட்டால் உடம்புக்கு நல்லது என்று தோட்டத்துத் துரைமார் கூடி முடிவு செய்திருந்தார்கள். மழைக்காலத்தில் ஓடினால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை இருந்தது.

அதுவும் எங்கே வைத்தார்கள்? பதுளையில். நாங்கள் அப்புத்தளைக்கு மேலே மூடுபனிக்கும் கம்பளிக்கும் பழகிய, லயம் என்ற வரிசை வீடுகளின் பிள்ளைகள். எங்களைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போய், அடுப்பில் மறந்துபோன சட்டி மாதிரி காய்ந்து கிடந்த மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கொடிக்கு மரியாதை செய்தோம். சுதந்திரம் வந்து சில வருசங்கள் ஆகியிருந்தன. நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தானா என்று பெரியவர்கள் கொழும்பில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். யோசித்து முடிக்கும்வரை மரியாதை மட்டும் செய்துவைப்போம் என்று நின்றோம்.

பெண் பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டி, தண்ணீர்க்குட ஓட்டம். நிறைகுடத்தைத் தலையில் வைத்து, கையால் தொடாமல் ஓட வேண்டும். முதலில் வந்தால் மட்டும் போதாது, குடத்தில் தண்ணீரும் குறையக் கூடாது. நான் அதில் ஜெயித்தே ஆக வேண்டியிருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்துப் படிப்பு முடிந்து, அடுத்த வாரம் புல் வெட்டும் வேலைக்கு என் பேரைப் பதிந்திருந்தார்கள். எங்கள் துரையின் மனைவி, துரைசாணி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். எங்கள் தோட்டத்துப் பிள்ளை முதலாவதாக வந்தால் புள்ளக் காம்பராவில் ஆயாவுக்குக் கையாளாகச் சேர்த்துக்கொள்வாளாம். கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. தலைக்கு மேல் கூரை, காலுக்குக் கீழே சிமெந்துத் தரை. அதற்காக நான் ஒரு மாதமாக லயத்துக்கும் மலைத்தண்ணீர் விழும் பீலிக்கும் குடத்தோடு நடையாக நடந்து பழகியிருந்தேன்.

போட்டியை நடத்தியவர் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர். விளையாடுகிற பிள்ளை தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். ஆகவே எல்லாப் போட்டியும் முடியும்வரை யாருக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. லொறியில் வந்த பீப்பாய் எங்கள் குடங்களை நிரப்புவதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்குக் காவல்காரன் வேறு. பந்தலுக்குள் துரைமாருக்கும் துரைசாணிமாருக்கும் கடைவீதியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஐஸ் போட்ட சர்பத் கொண்டுவந்து கொடுத்தார். வாத்தியாரும் இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தார். அவர் விளையாடவில்லை, அதனால் அவர் வயிற்றுக்கு ஆபத்தில்லை.

உச்சி வெயிலில் எங்களைக் கூப்பிட்டார்கள். பந்து விளையாடி முடித்த பையன்கள் உதடு வெடித்துப்போய் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கள் தலையிலிருந்த குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதினார்கள். கழுத்தை அசைக்காமல் ஓடினேன். பக்கத்தில் ஓடியவள் இடறினாள், பின்னால் ஒருத்தியின் குடம் விழுந்து உருண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாதித் தூரத்தில் குடத்து வாயிலிருந்து கொஞ்சம் தளும்பி நெற்றியில் விழுந்து, மூக்கு வழியாக உதட்டுக்கு வந்தது. காலையிலிருந்து காய்ந்து கிடந்த நாக்கு. அது என்னைக் கேட்காமல் வெளியே வந்து நக்கியது.

முதலாவதாகக் கோட்டைத் தாண்டியவள் நான்தான். குடத்துக்குள் குச்சி விட்டு அளந்தார்கள், என் குடத்தில்தான் தண்ணீரும் அதிகம். எங்களோடு லொறியில் வந்திருந்த அம்மா வேலிப்பக்கமிருந்து கை தட்டினாள். அப்போது வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீ தண்ணி குடிச்சனியோ?"

"குடிக்கலீங்க சார். மொகத்துல வழிஞ்சுச்சு."

"நாக்கை நீட்டினனி. நான் கண்டனான்."

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். போட்டித் தண்ணீரைக் குடித்தது குற்றமா, அல்லது போட்டி நடக்கும்போது குடித்தது குற்றமா என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. எப்படியும் குற்றம் என்பதில் வேறுபாடு இல்லை. அம்மா வேலியைத் தாண்டி வந்தாள். துரைமார் முன்னால் வாயே திறக்காதவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க சார், அவ நாக்குதானுங்களே அது? அதுக்குமா சட்டம் வச்சிருக்கீங்க?"

வாத்தியார் அவளை ஒதுங்கி நிற்கச் சொன்னார். முதல் பரிசு எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளைக்குப் போனது. அவள் குடம் பாதி காலி, ஆனால் உதடு காய்ந்திருந்தது. எனக்கு ஆறுதல் பரிசாகக் கண்ணாடித் தம்ளர் ஒன்று கொடுத்தார்கள். எங்கள் துரைசாணி தலையைச் சாய்த்து அனுதாபமாகச் சிரித்தாள். அவள் வாக்கு முதல் பரிசுக்கு மட்டும்தான்.

பரிசு கொடுக்கும்போது துரைசாணிமார் மேல் புழுதி படக் கூடாதே. எங்கள் குடங்களை வாங்கி, பந்தலுக்கு முன்னால் தரை நனையக் கொட்டினார்கள். என் குடத்தைக் கவிழ்த்தவன் அந்தக் காவல்காரன்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தம்ளரை அவன் மேல் வீசியிருப்பேன், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பையன்கள் எல்லோரும் எழுந்து வந்து, தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன். கங்காணி பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்தபோது, எனக்குப் புல் சுரண்டியைக் கொடுக்கவில்லை. துரைசாணி மனம் மாறிவிட்டாளோ என்று நினைத்தேன்.

"நீதான் சிந்தாமக் கொண்டு வர்ற புள்ளையாச்சே. மலைக்குத் தண்ணி தூக்கு" என்றார் கங்காணி.

பீலி கீழே பள்ளத்தில். ஆட்கள் புல் வெட்டுவது மலை உச்சியில். பகல் முழுவதும் வெயிலில் ஏறி இறங்க வேண்டும், குடம் தலையை விட்டு இறங்காது. மைதானத்தில் அது ஒரு ஓட்டம், இங்கே அதற்கு முடிவே இல்லை. முதல் நடையில் பாதி மலை ஏறியதும் குடத்தை இறக்கி ஒரு பாறையில் வைத்தேன். இரண்டு கையாலும் அள்ளி, வயிறு பிடிக்குமா பார்ப்போம் என்று, மூச்சு முட்டும்வரை குடித்தேன்.