அணிலுக்குப் பால் வேண்டாம்

ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழருக்கு றோசம்மாவைத் தெரியும். முதியோர் இல்லத்தில் வேலை; ஓய்வு நாளில் அணில் வேலை. காற்றில் கூடு விழுந்து தாயை இழந்த சிவப்பு அணில் குட்டிகளை விலங்குக் காப்பகத்துக்காரர் இவளிடந்தான் வளர்க்கக் கொடுப்பார்கள். வரவரக் குறைந்துகொண்டு போகிற இனம். இரண்டு தப்பிப் பிழைத்து மரமேறினால் அவளுக்கு அதுவே திருவிழா.

அவளுடைய தலைவலி நம்மவர்கள்தான். ஜெர்மன்காரர் பலர் குட்டியைக் கண்டால் தள்ளி நின்று போன் எடுப்பார்கள். நம்மவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால் பருக்கிவிட்டுத்தான் போன் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்த எதையும் வெறும் வயிற்றோடு வைத்திருந்தால் நமக்குச் சோறு இறங்காதே! பசுப்பால் அந்தச் சின்ன வயிற்றை ஊதவைத்துக் கொன்றுவிடும் என்றால், "பால் குடிச்சு ஆரும் செத்ததே, அக்கா?" என்று சிரிப்பார்கள்.

அவளும் விடவில்லை. கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் சொன்னாள். தமிழ்க் கடையில் சொன்னாள். பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றும் சொன்னாள். "குட்டி காலில ஏறினால் உதறாதேங்கோ, அது உதவி கேக்குது. துணியில சுத்திச் சூடாக்குங்கோ. வாய்க்குள்ள ஒண்டும் வையாதேங்கோ. எனக்குப் போன் அடியுங்கோ." எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நம்மை வெல்ல ஆளில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து வந்தவளைக் கணவன் ராசன் வாசலிலேயே மறித்தான். முகமெல்லாம் சிரிப்பு. முதல்நாள் காற்றில் பின்வளவு மரத்துக் கூடு விழுந்துவிட்டதாம். குட்டியொன்று அவன் காற்சட்டையில் ஏறியதாம். சப்பாத்துப் பெட்டியில், அவனுடைய கம்பளித் தொப்பிக்குள் அது சுருண்டு கிடந்தது. நல்ல சூடாக இருந்தது. அவளுக்கு அந்த மனிதன்மேல் அன்பு பொங்கியது. பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மேளம் போல இருந்தது.

"என்ன குடுத்தனீங்கள்?"

"கொஞ்சம் பால்தான். நல்லா ஆத்தித்தான் குடுத்தனான்."

"இந்த வீட்டிலதானே இருக்கிறீங்கள்? நான் போனில கத்துறது உங்களுக்குக் கேக்கிறேல்லையே?"

"கேக்கும். அது மற்ற ஆக்களுக்குச் சொல்லுறாய் எண்டு நினைச்சன்."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தவிர மற்றெல்லாவற்றையும் தூக்கி எறிந்திருப்பாள். எறியவில்லை. மிருக வைத்தியரிடம் போனில் கேட்டு, வயிற்றை விரலால் மெல்ல மெல்ல நீவினாள். ஊரெல்லாம் திருத்தப் போனவளுக்குச் சொந்தக் குசினியே திருந்தவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. இருட்டுவதற்குள் குட்டி கால்களை நீட்டி விறைத்துவிட்டது.

ராசன் கதவோரம் நின்றான். கண் கலங்கியிருந்தது.

"அது கத்திச்சுது, றோசம்மா. பசியில கத்துறதைப் பாத்துக்கொண்டு என்னால இருக்க ஏலாது."

கல்நெஞ்சுக்காரன் ஒருத்தன் கையில் கிடைத்திருந்தால் இந்தக் குட்டி பிழைத்திருக்கும். இதை இந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் றோசம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.