கடலுக்குப் போனவன் கதையில் என்ன ஆனான்

கள்ளுக்கடைகளை மறுபடி மூடினார்களே, அதற்கு அடுத்து வந்த மழைக்காலம். வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கடை மூடிய வருஷம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பொழுது சாய்ந்தால் போக இடமில்லாமல் ஆம்பிளைகள் கரையில் உட்கார்ந்து ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மழையில்தான் என் அக்காவின் புருஷன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. மகாபலிபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். அவர் போன கட்டுமரம் மட்டும் சில ஊர் தள்ளிக் கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை.

ஆள் கிடைக்காவிட்டால் ஒரு சங்கடம் உண்டு. பெண்டாட்டி தாலியைக் கழற்றினால்தான் எங்களில் காரியம் செய்வார்கள். அக்கா கழற்றவில்லை. பொட்டும் அழிக்கவில்லை. அவள் மாமியார் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து அழுவாள். கெட்டவள் இல்லை. "எம்புள்ள பசியோட கீறான். ஒரு புடி சோறு வைக்க வுட மாட்டேங்கறாளே" என்பாள். அக்கா மீன் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் அந்தக் கதை வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு டெய்லர் கடை. டெய்லர் எங்கள் ஆள் இல்லை, செங்கல்பட்டிலிருந்து வந்து மிஷின் போட்டவர். அவர் தைக்கிற ரவிக்கையில் ஒரு கை இறுக்கமாகத்தான் இருக்கும். எந்தக் கை என்பது மட்டும் மாறும். ஆனால் நன்றாகப் படிப்பார். வாரப்பத்திரிகை வாங்கி அதில் வரும் தொடர்கதையை, மீன் விற்றுவிட்டு வருகிற பொம்பளைகளுக்கு மத்தியானத்தில் உரக்கப் படிப்பார். எனக்கும் எழுத்து தெரியாது, ஓரமாக உட்கார்ந்து கேட்பேன்.

கதையில் எங்கள் குப்பம் மாதிரியே ஒரு குப்பம். அங்கே ஒருத்தி. அவள் புருஷன் விடியலில் மரம் தள்ளிக்கொண்டு போகிறான், வரவில்லை. அவள் அவனுக்கு வைத்த சோற்றை எடுக்காமல் மூடியே வைத்திருக்கிறாள். டெய்லர் படித்து முடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா கூடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கு அவளாகவே மாமியாரிடம் போனாள். "அத்த, இந்தக் கத முடியட்டும். அதுல அந்த ஆளு வரலன்னா நான் கழட்டிடறேன்" என்றாள்.

ஊர் சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவளும் வந்து டெய்லர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நாள் கதை நன்றாகப் போனது. பிறகு அதில் விசைப்படகுகள் வந்தன. பெரிய மடிவலையைப் போட்டுக் குஞ்சு மீனைக்கூட விடாமல் அள்ளுகின்றன, கடல் காலியாகிறது என்று அந்தப் பெண் சொன்னாள். நிஜந்தான். எங்கள் வலைகளையே அந்தப் படகுகள் அறுத்துக்கொண்டு போயிருக்கின்றன. எல்லோரும் தலையாட்டினோம். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வாரம் சவுக்கு வெட்டுவதைப் பற்றி. பிறகு ஆமை முட்டை. பக்கத்து வீட்டுக்காரியிடம் வாய் திறக்காதவள், மைக் பிடித்தவன் மாதிரி பேசினாள். எதிரே வந்தவர்கள் எல்லாம் "ஆமாம், உண்மை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"முட்டைய தின்னாதன்னு நம்மளாண்ட சொல்றான் பாரு. கேட்டு கேட்டு வாங்கறவன் டவுன்காரன், அவனாண்ட போயி சொல்லு" என்று ஒரு கிழவி எழுந்து போனாள். அப்படியே ஒவ்வொருத்தராகக் குறைந்தார்கள். கடைசியில் அக்காவும் மாமியாரும்தான். கூட நான்.

டெய்லருக்கே தொண்டை வறண்டது. "மூணு பக்கம் மீட்டிங்கா கீது. தாண்டிட்டு படிக்கட்டா?" என்று கேட்டார்.

"வாணாம்பா," என்றாள் மாமியார். "நடுவுல எங்கனா எம்புள்ள வந்துட்டா?"

அவள் 'எம்புள்ள' என்றதை யாரும் திருத்தவில்லை.

கடைசி வாரம் அந்தப் பெண் கரையில் நின்று பேசினாள். ஊரே கையைத் தூக்கிக் கடலைக் காப்போம் என்று சத்தியம் செய்தது. முற்றும் என்று படித்தார் டெய்லர். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் தலைவலித் தைல விளம்பரம்.

கதை எழுதியவர் செங்கல்பட்டுக்காரர், டெய்லரின் மச்சான் தெருவிலேயே வீடு. அக்கா போகணும் என்றாள். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் ஏரிகள் நிறைந்து கிடந்தன, அவள் ஒன்றையும் பார்க்கவில்லை.

அவர் நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். குப்பத்திலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் முகம் மலர்ந்து, உங்களைப் போன்றவர்கள் விழித்துக்கொள்ளத்தான் எழுதினேன் என்றார். படகுகளைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி சார். அந்த ஆளு இன்னா ஆனாரு?"

"எந்த ஆளும்மா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மொத வாரம் கடலுக்குப் போனாரே."

அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதை அதைத் தாண்டிப் போய்விட்டது என்றார். அப்புறம்தான் அவள் கழுத்துத் தாலியையும் முகத்தையும் கவனித்தார் போலிருக்கிறது. குரல் இறங்கிப் போனது. "வந்துட்டான்னே வச்சுக்கோயேம்மா."

"நானா வச்சிக்கறதுக்கா சார் இம்மாந்தூரம் வந்தேன்?" என்று அக்கா எழுந்தாள்.

பஸ் வந்து நிற்கிற இடத்தில் மாமியார் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொன்னான்?"

"அவருக்கும் தெரியலியாம் அத்த."

இரண்டு பேரும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

அதற்குப் பிறகு மாமியார் காரியத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வரமாட்டான் என்று யாரும் சொல்லவில்லையே, அவள் எப்படிச் சோறு வைப்பாள்? அப்படியே செத்தாள். பல வருஷம் கழித்து அக்காவும் போனாள், தாலியோடு. சுமங்கலி என்று எடுப்பதா, இல்லையா என்று பெரியவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் என்ன சொல்ல?

அந்த எழுத்துக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் எழுதியதில் பொய்யில்லை. இன்றைக்கு வலையில் வருவதைப் பார்த்தாலே தெரியும். உங்களுக்குக் கதை எழுதுகிறவர் யாரையாவது தெரிந்தால் இதை மட்டும் சொல்லிவிடுங்கள். கடலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதட்டும். ஆனால் ஒருத்தனைக் கடலுக்கு அனுப்பினால், அவன் வந்தானா இல்லையா என்பதை அவன் வீட்டுக்குச் சொல்லிவிட்டு எழுதட்டும்.