வீட்டில் இந்தியிலேயே பேசுங்கள்

மும்பை செம்பூரில் ஒரு சிறப்புப் பள்ளியில் பெற்றோருக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. தாராவியிலிருந்து மகளைக் கூட்டி வரும் மேரியை எனக்குப் பிடிக்காது. நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். வீட்டில் ஒன்றும் செய்யமாட்டார் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

அவருடைய மகள் ஸ்டெல்லாவுக்கு ஏழு வயது, பேச்சு வரவில்லை. சேர்ந்த புதிதில் ஏதாவது சத்தம் எழுப்புவாள். ஒரு வருடத்தில் அதுவும் நின்றுவிட்டது. ‘தாய் குழந்தையோடு பேசுவதே இல்லை’ என்று ரிப்போர்ட்டில் எழுதி, மேரியிடமே படித்துக் காட்டினேன்.

“பெத்தா மட்டும் போதுமா? வாயத் திறந்து பேச வேண்டாமா?” என்றும் கேட்டேன்.

மேரி விருட்டென்று எழுந்தார்.

“நீங்கதான டீச்சர் சொன்னிய, ஸ்கூல்ல இந்தி, வீட்லயும் இந்திதான் பேசணும், தமிழ் பேசுனா பிள்ள குழம்பிரும்னு? எனக்குக் காய் வாங்குத அளவுக்குத்தான் இந்தி வரும். அத வச்சு பிள்ளய எப்படிக் கொஞ்ச? அதான் ஒரு வருசமா வாயப் பொத்திக்கிட்டு கெடக்கேன்.”

மன்னிப்புக் கேட்டேன்.

“அத நீங்களே வச்சுக்கோங்க” என்றவர், மகளின் கையைப் பிடித்தார். “வாட்டி என் ராசாத்தி, வீட்டுக்குப் போவோம்.”

ஸ்டெல்லா நின்று, அம்மாவின் வாயையே பார்த்தாள்.

நானும் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழச்சிதான். இந்தியில் சொன்னால் மேரிக்குப் புரியாதே என்று, அந்த ஆலோசனையை அன்றைக்குத் தமிழில்தான் சொல்லியிருந்தேன்.